தெய்வானை அழிக்காத இடது ஓரம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மாராயி வந்து நின்றாள். அவள் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறவள். அந்த நேரத்தில் வழக்கமாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். அன்று கையில் சோற்றுத் தூக்குப்போசி இல்லை. அதைப் பார்த்ததுமே என் மனத்தில் ஏதோ தட்டியது.

"டீச்சர், நம்ம தெய்வானைக்கா போயிருச்சுங்க" என்றாள்.

"எங்க?" என்று கேட்டேன். முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் கேட்கிற கேள்வியா அது?

"விடியால எந்திரிச்சு காப்பி வெச்சுக் குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவுத்தி வெச்சுட்டு உக்காந்துச்சாமா. அவ்வளவுதானுங்க." முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்தாள். "அழுவுறதுக்கெல்லாம் நேரமில்லீங்க டீச்சர். வெரசா வாங்க. அங்க நாற்காலி எடுத்துப் போட்டுட்டாங்க."

நாற்காலி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆயுளில் ஒருமுறைகூடக் காமிராவுக்கு முன்னால் நிற்காத எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் படம். தெய்வானை ஸ்டூடியோவின் வாசலில் என்ன எழுதியிருந்தது என்று பெருமாநல்லூர் சாலையில் நடந்த எவருக்கும் நினைவிருக்கும். "இறந்தவர்களைப் படம் எடுப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது வாருங்கள்."

நாங்கள் போனபோது அந்த அம்மாளையே நாற்காலியில் உட்காரவைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வேறொரு ஸ்டூடியோக்காரர் காமிரா நிறுத்தும் முக்காலியை விரித்துவிட்டார். கொழுந்தனார் மகன் பூமாலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மாராயி நேராகப் போய் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. ஊரு வழக்கமுங்க" என்றான் அவன்.

"இருக்கட்டும் கண்ணு. எனக்குக் காலு நோவுது. பொணம் எடுக்கற வரைக்கும் நான் எந்திரிக்கறதா இல்லை."

அந்த ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முக்காலியை மடக்கினார். "அவங்க போர்டு எனக்கும் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார்.

இப்படித்தான் தெய்வானையை அனுப்பிவைத்தோம். அவரைப் பற்றி நம் வாசகசாலை இதழுக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலேயே அவர் எடுத்த படம் தொங்கக்கூடும். ஆனாலும் அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தெய்வானை அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் அடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பு சில வருடங்கள் பனியன் கம்பெனியில் டேமேஜ் பார்த்தார். குழாய்போல வரும் பின்னல் துணியை விளக்கு வைத்த சட்டத்தின் மேல் இழுத்து, ஓட்டை எங்கே, இழை விட்டது எங்கே என்று கண்டுபிடிப்பது அந்த வேலை. கல்யாணமான பிறகு, கணவர் நடத்திய ஸ்டூடியோவில் நெகடிவ் திருத்தும் மேசையில் உட்கார்ந்தார். அங்கும் விளக்குதான், அங்கும் குறை தேடுவதுதான். ஊசிபோல் சீவிய பென்சில், நகக்கண்ணளவு கத்தி, ஒரு குப்பி சிவப்பு மை. இவற்றை வைத்துக்கொண்டு முகப்பருவை மறைப்பார், பின்னால் தெரியும் கொடிக்கம்பியை நீக்குவார்.

கணவர் நெஞ்சு நோயில் இறந்தபோது தெய்வானைக்கு முப்பத்திரண்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஸ்டூடியோவைத் திறந்தார். மாமனார் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பொம்பளை படம் புடிச்சா எவன் வந்து நிப்பான்?"

"நிக்க வேண்டாமுங்க மாமா. உக்காந்துக்கட்டும். உள்ள நாற்காலி இருக்குதுங்க."

தெருவே சிரித்தது. மாமனாரும் மறுமாதம் வந்து உட்கார்ந்தார். அந்தப் படத்தில் மீசைக்குக் கீழே அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது நன்றாகத் தெரியும்.

நான் அவரிடம் போனது என் பாடத்துக்காக. எங்கள் பெண்கள் பள்ளியில் ஒரு டப்பா காமிரா சும்மா கிடந்தது. இலை நரம்பு, குளவிக் கூடு, எறும்புப் புற்று இவற்றையெல்லாம் படமெடுத்து வகுப்பில் காட்டலாம் என்பது என் ஆசை. ஸ்டூடியோக் கண்ணாடியில் "ஞாயிறு பிற்பகல் காமிரா பழக்கித் தரப்படும், யாரும் வரலாம்" என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. தெய்வானையைவிட நான் மூன்று வயது மூத்தவள். கற்றுக்கொள்ள வயது என்ன இருக்கிறது என்று போனேன். எனக்கு முன்பே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பனியன் கட்பீஸ் வியாபாரம் செய்யும் காதர் பாய். தம் மகள்களின் காதுகுத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நானே நன்றாக எடுப்பேன் என்று வீட்டில் பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

முதல் இரண்டு ஞாயிறும் பிலிம் கிடையாது. டப்பா காமிராவின் தலையில் நிறையத் தண்ணீர் வைத்த ஒரு சின்ன டம்ளரை வைப்பார். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு, அந்த மூச்சின் கடைசியில் விசையைத் தட்டவேண்டும். ஒரு சொட்டுத் தளும்பினாலும் படம் ஆடிப்போனதாகக் கணக்கு. காதர் பாயின் சட்டை முழுக்க நனைந்தது. "தொழுகைக்குப் போற வழியில கை கழுவற வேலை மிச்சமுங்கம்மா" என்றார் அவர். தெய்வானை சிரிக்காமல் டம்ளரை மறுபடி நிரப்பினார். உங்கள் பிள்ளைகளுக்குக் காமிரா வாங்கித் தந்தால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். செலவில்லாத பயிற்சி, ஆயுளுக்கும் போதும்.

பிறகு ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு எதிரில் வைத்தார். வெளிச்சம் நேராக விழுந்தபோது அது ஒரு தட்டையான பளபளப்பு. சொம்பைப் பக்கவாட்டில் நகர்த்தினார். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் மெல்ல இருட்டு. சொம்பு உருண்டு திரண்டு எழுந்து நின்றது. "முகமும் சொம்புதானுங்க டீச்சர்" என்றார். "நேரா வெளிச்சம் அடிச்சா தட்டாப் போயிரும். ஓரமா வந்தாத்தான் உருண்டை தெரியும். எங்கப்பன் பாத்திரத்துல ஒட்டு சரியா இருக்குதான்னு இப்படித்தான் பாப்பாரு." நான் அந்த வாரமே ஐந்தாம் வகுப்பில் ஒரு பந்தையும் மெழுகுவத்தியையும் வைத்து நிலவின் பிறைகளை நடத்தினேன். அதுவரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அன்றுதான் பிறையைப் பார்த்தார்கள்.

என் முதல் சுருள் மோசமாகப் போனது. வெளுத்த துணியைக் காயப்போடும் மைதானத்துக்குப் போய்ப் பன்னிரண்டு படமும் எடுத்தேன். வரிசை வரிசையாக வெள்ளைத் துணி, நடுவில் நிழலில் வேலை செய்யும் பெண்கள். கண் கூசியதால் காமிராவின் துளையைச் சின்னதாக்கிவிட்டேன். கழுவிப் பார்த்தால் துணி அழகாக இருந்தது, முகம் எல்லாம் கரி. தெய்வானை ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார்.

"துணியைப் பார்த்துப் பயந்துட்டீங்க டீச்சர். வெள்ளையா இருக்கறது எப்பவும் தன்னைக் காப்பாத்திக்கும். நீங்க கறுத்த முகத்துக்கு வெளிச்சம் உடுங்க."

இதை அவர் காமிராவுக்கு மட்டும் சொல்லவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு நாள் ஒரு தாயார் மகளின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டும், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரவேண்டும் என்றார். ஊரில் எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிற வேலைதான். தெய்வானை பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணைக் கட்டறாங்களா, என்ற பென்சிலைக் கட்டறாங்களா?"

அந்தத் தாயார் கோபமாக எழுந்து போனார். மகள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் சொன்னது ஓரத்தைப் பற்றித்தான். டேமேஜ் பார்ப்பவர்கள் துணியின் நடுவில் ஆரம்பிக்கமாட்டார்களாம், விளிம்பிலிருந்துதான் உள்ளே வருவார்களாம். காமிராவில் கண்ணை வைத்ததும் நாம் நடுவில் இருக்கும் முகத்தையே பார்ப்போம், தலைக்கு மேல் முளைத்த கம்பமும் பாதி வெட்டுப்பட்ட குழந்தையும் கண்ணில் படாது. "நடுவுல உக்காந்திருக்கறவரு எங்கயும் போகமாட்டாருங்க. ஓரத்தைப் பாருங்க. அங்கதான் யாராச்சும் உட்டுப்போயிருப்பாங்க" என்பார்.

அவர் சொன்னபடியே செய்து காட்டிய நாள் ஒரு ஆயுத பூசை. ஊரின் பெரிய பனியன் கம்பெனி ஒன்றில் வருடந்தோறும் படம் எடுக்கும் வேலை அவருடையது. கம்பெனியின் பெயர் வேண்டாம். முதலாளி எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அன்று நான் உதவிக்குப் போயிருந்தேன். மூங்கில் சட்டத்தில் வெளுத்த பின்னல் துணியை இழுத்துக் கட்டி, நிழலில் நிற்பவர்கள் முகத்தில் வெயிலைத் திருப்பிவிடுவது என் வேலை.

மிஷினுக்கெல்லாம் மாலை. வாசலில் மூட்டை மூட்டையாகப் பொரி. சாமி படத்துக்கு முன்னால் ஆளாளுக்குத் தம் தம் ஆயுதத்தை வைத்திருந்தார்கள்: ஊசிப்பெட்டி, திருப்புளி, அளவு நாடா, கத்தரிக்கோல். எல்லாவற்றிலும் சந்தனம் தடவி அதன்மேல் குங்குமப் பொட்டு. தீபம் காட்டியானதும் முதலாளி நடுநாற்காலியில் உட்கார, ஆண்கள் சுற்றி நின்றார்கள்.

"பொம்பளைங்க அக்கட்டால நில்லுங்க, படம் எடுக்கப் போறாங்க" என்றார் மேனேஜர். பிசிறு வெட்டுகிற, மடிக்கிற பெண்கள் பதினோரு பேர் பொரி மூட்டைப் பக்கம் ஒதுங்கினார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

தெய்வானை பெரிய காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "மொதலாளி, எடது பக்கம் காலியா இருக்குதுங்க. பாரம் ஒரே பக்கமா ஏத்துன வண்டியாட்டம் படம் சாயுதுங்க."

"ரெண்டு தையல் மிஷினை நவுத்தி வெச்சுக்க அம்மிணி."

"மாலை போட்ட மிஷினை நவுத்தலாமுங்களா?"

முதலாளி யோசித்தார். "செரி, யாராச்சும் ரெண்டு பேரை நிக்க வெய்யி."

"ரெண்டு பத்தாதுங்க. பதினொண்ணு வேணும்."

"எண்ணி வெச்சுட்டுத்தான் பேசறியா?" என்று முதலாளி சிரித்துவிட்டார். நல்ல நாள், மனம் இளகியிருந்தது.

பெண்கள் வந்து வெள்ளைச் சுவரையொட்டி நின்றார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள், ஒருத்தி இன்னொருத்தியின் பின்னால் ஒளிந்தாள். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் "நேரா நில்லுங்க, சிரிங்க" என்று கத்துவார்கள். நிற்கிறவர்கள் இன்னும் விறைத்துப்போவார்கள். தெய்வானை வேறு வழி வைத்திருந்தார்.

"கை காலியா இருந்தா முகம் பயந்துக்கும். அவங்கவங்க கத்தரியைக் கையில எடுத்துக்கங்க."

மாராயி பதறினாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "ஐயோ, பூசைக்கு வெச்சதுங்கக்கா. நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும்."

"துணி வெட்டறதுக்குத்தானே நாளைக்கு? சும்மா புடிச்சுட்டு நிக்கறதுக்கு என்ன? அது உன்ற கத்தரிதானே?"

"என்றதுதானுங்க."

"அப்பறம் என்ன, எடு."

பதினோரு பேரும் சாமி முன்னால் போய், கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு வந்தார்கள். கையில் தம் பொருள் வந்ததும் தோள் இறங்கியது, முகம் நிமிர்ந்தது. நான் துணிச் சட்டத்தைத் திருப்பி அவர்கள் மேல் வெயிலை விட்டேன். மூச்சு விடும் நேரம் காத்திருந்து தெய்வானை படம் எடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படம் கம்பெனி ஆபீஸ் சுவரில் ஏறியது. இடது ஓரத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் கண்ணாடி போட்டிருந்தார்கள். தெய்வானை அதைப் பார்த்துவிட்டு வந்தார். தைப் பொங்கல் நோம்பிக்குள் பதினோரு பிரதி போட்டு அந்தப் பெண்களுக்குத் தந்துவிடவேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் மார்கழியில் அது நடந்தது.

துணியை அழுத்தித் தேய்க்கும் உருளை மிஷினில் ஆள் வரவில்லை என்று மாராயியைத் துணி விடச் சொல்லியிருக்கிறார்கள். அது அவள் வேலையில்லை. துணியோடு வலது கையும் உருளைக்குள் போனது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கம்பெனி வாசலில் நின்றவளிடம் மேனேஜர், "நீ யாரும்மா? உன் பேரு எங்க ரிஜிஸ்தர்லயே இல்லையே" என்றார். உண்மைதான். பதினோரு பெண்களின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, ஐந்து வருடம் அங்கே உட்கார்ந்து பிசிறு வெட்டியதே இல்லை என்றாயிற்று. அவளை நம்பி வீட்டில் படுத்த படுக்கையாய்த் தாய் இருந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டாள். அங்கே வேலை செய்ததற்கு ஏதாவது சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு வாய் திறக்கப் பயம். சாட்சி என்று ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தெய்வானையின் இரும்புப் பெட்டியில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியே ஸ்டூடியோவுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"அந்த நெகடிவ் இருக்குதா அம்மிணி?"

"பத்திரமா இருக்குதுங்க."

"எடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக் குடு. செவப்பு மை பூசுனா பொறகு படத்துல வெறும் சுவரு மாதிரி வெள்ளையா விழுமாமா. உனக்குத் தெரியாததா?"

தெய்வானை அவரை நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு பொம்பளைங்களைச் சுவரா மாத்தச் சொல்றீங்களா மொதலாளி?"

"பெரிய பேச்செல்லாம் எதுக்கு? பனியன் லேபிளுக்கு, பெட்டிக்குப் போடற படம் எல்லாம் உன்றகிட்டத்தான் வருது. அது வந்துட்டே இருக்கட்டும்னு பாக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரே, நீங்க படிச்சவங்க. எடுத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் பள்ளிக்கூடக் கமிட்டி கூடுது. நீங்க தலைமையாசிரியை ஆவற விசயமும் வருது, பாத்துக்கலாம்."

அவர் போனதும் நான் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் தெய்வானை என்னை மன்னிக்கமாட்டார். "ஒரு நெகடிவ்தானே தெய்வானை. குடுத்துரலாம். மாராயிக்கு நாம வேற வழியில உதவி பண்ணலாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து அந்த நெகடிவை எடுத்து, திருத்தும் மேசையில் விளக்கின் முன் வைத்தார். சிவப்பு மைக் குப்பியைத் திறந்து, தூரிகையை என் கையில் தந்தார்.

"நீங்களே பூசிக் குடுங்க டீச்சர். ரெண்டு வருசமாப் பழகறீங்க, கை ஆடாது. மாராயில இருந்து ஆரம்பிங்க."

நெகடிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சுவர் கன்னங்கறுப்பாக இருந்தது. அந்த இருட்டில் பதினோரு முகங்கள் மட்டும் வெளிச்சமாக நின்றன. மாராயியின் வலது கையில் ஐந்து விரலும் இருந்தன. தூரிகை நுனியில் மை திரண்டு நின்றது, சொட்டவில்லை. டம்ளர்ப் பயிற்சி நன்றாகத்தான் கைவந்திருந்தது. தூரிகையைக் குப்பியில் போட்டு மூடினேன்.

"படம் புடிக்கக் கத்துக்கிட்டீங்க" என்றார் தெய்வானை. "இப்பத்தானுங்க பாத்தீங்க."

விசாரணை நாளன்று அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி நிதானமான மனிதர். மேனேஜர் படத்தைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆயுத பூசைக்கு ஊரே வருமுங்க சார். இவங்க பொரி வாங்க வந்த ஒரம்பரைங்க, விருந்தாளிங்க. எடது பக்கம் காலியா இருக்குதுன்னு இந்தம்மாதான் கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க."

"அப்படியா சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னனுங்க" என்றார் தெய்வானை.

அந்தப் பெண்களைப் படத்துக்குள் கொண்டுவர அவர் செய்த தந்திரமே இப்போது அவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாராயி துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தெய்வானை தம் மேசையிலிருந்து கொண்டுவந்த பெரிதாக்கும் கண்ணாடியை அதிகாரி முன் வைத்தார். "ஐயா, ஓரத்துல இருந்து பாருங்க. முகத்தை உடுங்க, கையைப் பாருங்க. என்ன வெச்சிருக்காங்க?"

"கத்தரிக்கோல்."

"அதுமேல?"

அவர் குனிந்தார். "ஏதோ வெள்ளையா... நடுவுல கறுப்புப் புள்ளி."

"வெள்ளை சந்தனமுங்க. செவப்பு படத்துல கறுப்பா விழும், அது குங்குமமுங்க. பதினோரு கத்தரியிலயும் இருக்குது, எண்ணிப் பாருங்க. நோம்பிக்கு வந்த ஒரம்பரை பொரி வாங்கிட்டுப் போவாங்க. தன்ற கத்தரியை ஊட்டுல இருந்து கொண்டாந்து இன்னொருத்தர் கம்பெனிப் பூசையில வெப்பாங்களா? எங்க சோறு திங்கறமோ அங்கதானுங்க நம்ம ஆயுதத்தை வெப்போம்." பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம். உங்க மொதலாளி போட்ட பூசையில யாரோ எவரோ ஆயுதம் வெச்சாங்கன்னு சொல்லுங்க."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். ஆனாலும் விடவில்லை. "கத்தரியை இந்தம்மாவே பொட்டு வெச்சுக் கொண்டாந்து கையில குடுத்திருக்கலாமே சார். படத்துக்குத்தானே?"

அதிகாரி கண்ணாடியைக் கீழே வைத்தார். "பூசையிலிருந்து எடுத்ததை வேறு யாராவது பார்த்தார்களா?"

முதலாளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. தெய்வானை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவருக்காக எழுந்தேன் என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். அந்தச் சாக்கை அவர் தரவில்லை.

எழுந்தேன். "நான் பார்த்தேன். வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பதினோரு பேரும் சாமி முன்னாலிருந்து தம் கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எடுக்கலாமா என்று பயந்ததும் இந்த மாராயிதான்" என்றேன். குரல் ஆடியது. காமிராவாக இருந்தால் படம் கெட்டிருக்கும்.

மாராயி அந்தக் கம்பெனித் தொழிலாளிதான் என்று எழுதப்பட்டது. கைக்கு ஈடும் வேலையும் தரவேண்டியதாயிற்று. அவள் இடது கையால் பிசிறு வெட்டப் பழகிக்கொண்டு, அதே கம்பெனியில், அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். மற்ற பத்துப் பேர் பெயரும் ரிஜிஸ்தரில் ஏறியது. லேபிள் படம், பெட்டிப் படம் எதுவும் அதன்பிறகு தெய்வானைக்கு வரவில்லை. ஒரு கம்பெனி நிறுத்தியதும் மற்றவையும் நிறுத்தின. கல்யாண வீடு, காதுகுத்து, சின்ன அளவுப் படம் என்று வைத்துக்கொண்டு கடைசி வரை ஸ்டூடியோவை நடத்தினார். வாசல் பலகைக்கு வருடந்தோறும் புது வர்ணம் அடித்தார். நான் தலைமையாசிரியை ஆகாமலே ஓய்வு பெற்றேன். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவேண்டாம். அதைவிடப் பெரிய பதவியில் அன்று ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. தெய்வானை பையிலிருந்து டப்பா காமிராவை எடுத்து என்னிடம் தந்தார். "ஒரு படம் பாக்கி இருக்குதுங்க டீச்சர். என்னையப் புடிங்க." சுவரோரம் நின்றார். கையில் அந்தப் பெரிய படம். நான் முழங்கையை ஒட்டினேன், மூச்சை விட்டேன், ஓரத்தைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். மறுவாரம் கழுவிப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்துக்கொண்டு எடுத்த எல்லாக் கற்றுக்குட்டிகளும் செய்கிற தவறு. என் நிழல் நீளமாகப் போய் அவர் சேலையில் இடுப்பு வரைக்கும் விழுந்திருந்தது.

"கெட்டுப்போச்சு. இன்னொரு நாள் எடுக்கலாம்" என்றேன்.

"எதுக்குங்க? இருக்கட்டும். நீங்க வந்திருந்தீங்கன்னு சாட்சி வேண்டாமா?" என்றார். அதையே சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டினார்.

அந்தப் படத்தை மாராயி கழற்றி என்னிடம் கொண்டுவந்து தந்தாள். இப்போது என்னிடம் அவர் நினைவாக இருப்பது அதுவும், எதையும் ஓரத்திலிருந்து பார்க்கும் பழக்கமும்தான். இதழில் போடுவதற்காகக் கொடுத்தேன். அச்சுக்கூடத் தம்பி நல்லவர். "டீச்சர், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, கீழே இருக்கற நெழலை வெட்டிட்டாப் பளிச்சுன்னு வந்துரும்" என்றார். ஒரு புள்ளிகூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அச்சு ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகையால் இந்தப் பக்கத்துப் படத்தில் தெய்வானை தம் சொந்த நிறத்தில் நிற்கிறார். கீழே ஒரு கறுப்பு படர்ந்திருக்கும். மை அதிகம் என்று யாரும் அச்சுக்கூடத்தைக் குறை சொல்லவேண்டாம். அது நான். அங்கே இருந்தேன்.